கொதிகலன் அணைந்த வருஷம்

தாக் கியுஹோவுக்கு மேலாளர் அறையிலிருந்து அழைப்பு வந்தபோது காலை ஷிப்ட் பாதி ஓடியிருந்தது. கப்பலிலிருந்து இறங்கும் நிலக்கரியைக் கொதிகலனுக்குக் கொண்டுபோகும் பெல்ட்டுகளைப் பார்த்துக்கொள்வதுதான் கல்மேபோ அனல் மின் நிலையத்தில் அவருடைய ஆட்களுக்கு வேலை. அவர்களுக்கு அவர் தலைவர். ஆனால் மின் நிலையத்தின் சொந்த ஆள் இல்லை, ஒப்பந்தக் கம்பெனி ஆள். அந்த வித்தியாசம் என்னவென்று சாப்பாட்டுக் கூடத்தில் எந்த மேசையில் உட்கார்கிறார்கள் என்பதைப் பார்த்தாலே தெரிந்துவிடும்.

மேலாளர் நாற்காலியைக் காட்டினார். உடுப்பிலிருக்கும் கரி ஒட்டிக்கொள்ளுமே என்று கியுஹோ நின்றபடியே இருந்தார்.

"அடுத்த வருஷக் கடைசியில கொதிகலனை நிறுத்தறாங்க. அரசாங்க முடிவு, மாறாது. மின் நிலையத்தோட சொந்த ஆளுங்க தெற்கே புது எரிவாயு நிலையத்துக்குப் போறாங்க. நம்ம ஆளுங்களுக்கு ஒண்ணும் முடிவாகல. உங்களைப் பத்திக் கவலைப்படாதீங்க. அங்கே ஒரு மேற்பார்வையாளர் இடம் பேசி வச்சிருக்கேன்."

கியுஹோ தலைகுனிந்து நன்றி சொன்னார். அது பழக்கம்.

"ஆனா ஒண்ணு. குளிர்காலம் முடியற வரைக்கும் ஆளுங்ககிட்ட வாய் திறக்க வேணாம். பெல்ட்டுக்குப் பக்கத்துல நிக்கறவங்க. மனசு கலைஞ்சா கை தவறும்."

மேலாளர் சொன்னதில் நியாயம் இல்லாமல் இல்லை. அதை யோசித்துக்கொண்டேதான் கியுஹோ நீண்ட தகரக் கூடத்தின் வழியே திரும்பி நடந்தார். ஆனால் நடக்க நடக்க அப்பாவின் நினைவு வந்துவிட்டது. அப்பா இதே கரையில் சிப்பி வளர்த்தவர். மின் நிலையம் கட்டப் பாறை ஏற்றிய லாரிகள் சிப்பிப் படுகையின்மேல் கொட்டத் தொடங்கிய அன்று காலையில்கூட அவர் சேற்றில் கம்பு நட்டுக்கொண்டிருந்தார். விஷயம் தெரிந்த ஊர்த் தலைவர் மாதக்கணக்கில் வாயை மூடிக்கொண்டிருந்தார் என்பது பிறகுதான் வெளியே வந்தது. போன படுகையைப் பற்றி அப்பா அதிகம் பேசியதில்லை. "அவன் முந்தின நாள்கூட என்னோட உக்காந்து சோஜு குடிச்சான்டா" என்பதை மட்டும் சாகும்வரை சொல்லிக்கொண்டிருந்தார்.

மத்தியானம் ஓய்வறையில் எல்லாரும் சாப்பாட்டு டப்பாவைத் திறந்திருந்தபோது கியுஹோ எழுந்து நின்று சொல்லிவிட்டார். கொதிகலன் நிற்கப் போவதையும் சொன்னார், தனக்கு மட்டும் ஒரு இடம் பேசியிருப்பதையும் சொன்னார்.

கிம்ச்சி எடுத்த சாப்ஸ்டிக்ஸ் ஒருவர் கையில் அப்படியே நின்றது. கடைசியில் பியோ சங்மான்தான் வாயைத் திறந்தார். கூட்டத்திலேயே மூத்தவர், கியுஹோவைவிட மூன்று வயது பெரியவர், யாரையும் கிண்டல் பண்ணாமல் ஒரு நாள்கூட அவரால் இருக்க முடியாது.

"அப்போ போயிட்டு வாங்க தலைவரே. எரிவாயு நிலையத்துல மூஞ்சி கருக்காதாம். உங்க பொண்டாட்டிக்கு உங்களை அடையாளம் தெரியுமான்னுதான் கவலை."

"நான் போறேன்னு சொல்லலண்ணே."

"போகாம? எங்களோட சேர்ந்து நண்டு பிடிக்கப் போறியா?"

"என்ன செய்யறதுன்னு எனக்கும் தெரியல. தெரியாததை எல்லாரும் ஒண்ணா சேர்ந்தே தெரியாம இருப்போம்னுதான் சொல்ல வந்தேன்."

மூலையில் உட்கார்ந்திருந்த தோ ஹேரின் சிரித்துவிட்டாள். பெல்ட் கண்காணிப்புத் திரைகளைப் பார்ப்பவள், முப்பதைத் தாண்டியவள், அந்தக் கூட்டத்தில் ஒரே பெண். சிரித்தவள் உடனே தலையைக் குனிந்துகொண்டாள், கண்ணைத் துடைத்தாள்.

அந்த வார முடிவுக்குள் மேற்பார்வையாளர் இடம் வேறு ஒருவருக்குப் போய்விட்டது. மேலாளர் காரணம் சொல்லவில்லை, கியுஹோவும் கேட்கவில்லை.

கேட்டது மனைவி யுன்சுக்தான். மின் நிலையத்தின் பின்வாசலில் சிப்பி நூடுல்ஸ் கடை வைத்திருந்தாள். கொதிகலன் நின்றால் அவள் அடுப்பும் நின்றுபோகும்.

"ஏங்க, ஒரு குளிர்காலம் வாயை மூடிட்டு இருந்திருக்கக் கூடாதா?"

"முடியல."

"சரி, முடியலன்னா முடியலதான்." மாவைத் தேய்த்துக்கொண்டே இருந்தாள். கொஞ்ச நேரம் கழித்து, "இடம் வேற பாக்கணும்" என்றாள். எந்த இடத்தைச் சொன்னாள், அவர் வேலைக்கா தன் கடைக்கா என்று அவருக்கு விளங்கவில்லை.

வழி கண்டுபிடித்தது ஹேரின். கரைக்கு அப்பால் கடலுக்குள் காற்றாலைகள் நடப்போகிறார்கள் என்று ஊரில் பேச்சு இருந்தது. அவள் அந்தக் கம்பெனிக்குத் தொலைபேசிமேல் தொலைபேசி போட்டு விசாரித்தாள். உள்ளூர் ஆட்களை எடுப்பார்கள், ஆனால் கோபுரம் ஏறும் பயிற்சியும் கடலில் தப்பிக்கும் பயிற்சியும் முடித்திருக்க வேண்டும். செலவை யார் கொடுப்பது, லீவை யார் கொடுப்பது என்று கேட்டுக்கொண்டு கியுஹோவும் அவளும் மாவட்ட அலுவலக வாசலில் பனியில் பல நாள் நின்றார்கள். பேசத் தெரிந்தவள் அவள். கியுஹோவுக்கு நிற்கத் தெரியும். அதிகாரிகள் உள்ளே போகும்போதும் வெளியே வரும்போதும் குனிந்து வணக்கம் சொல்வார். ஒரு நாள் ஒரு துணை அதிகாரி தாங்கமுடியாமல், "ஐயா, உங்களைப் பாத்தா சோறு இறங்க மாட்டேங்குது, உள்ள வாங்க" என்று கூட்டிக்கொண்டு போனார். செலவும் கிடைத்தது, லீவும் கிடைத்தது.

ஆட்களைக் கிளப்புவதுதான் அதைவிடக் கஷ்டமாக இருந்தது.

"இந்த வயசுல குரங்கு வித்தையா?" என்றார் சங்மான். "கியுஹோ, எனக்கு ஆசை காட்டாத. ஆசை இல்லாம இருக்கறது சுகமா இருக்கு. எழுந்தா வேலை, படுத்தா தூக்கம். நாளைக்கு வேலை இல்லன்னா வெறும் தூக்கம்."

"ஒரு தடவை வந்து பாருங்கண்ணே. பிடிக்கலன்னா பஸ்ஸிலயே தூங்குங்க."

"நீ ஏறுவியா?"

"நான்தான் முதல்ல ஏறுவேன்."

வெறும் வார்த்தைக்காகச் சொன்னதல்ல. அவர் அப்படித்தான் நம்பினார். வாழ்நாள் முழுக்கத் தாழ்ந்த கூரைக்கடியில், பெல்ட்டுக்குப் பக்கத்தில், குனிந்தே நடந்தவருக்குத் தன் உடம்பு உயரத்தில் என்ன செய்யும் என்று தெரிந்துகொள்ள அதுவரை சந்தர்ப்பமே வந்ததில்லை.

கடல் பயிற்சி நன்றாகவே போனது. பெரிய தொட்டியில் கவிழ்ந்த படகின் அடியிலிருந்து வெளியே வந்தபோது கியுஹோ மற்றவர்களையும் இழுத்துக்கொண்டு வந்தார். பயிற்சியாளர் பாராட்டினார். மறுநாள் கோபுரம்.

உடம்பெல்லாம் பட்டை கட்டி, கொக்கி மாட்டி, முதலில் அவர்தான் ஏறினார். கீழே ஹேரின், அவளுக்குக் கீழே மற்றவர்கள். முதல் தட்டு தாண்டும்வரை ஒன்றும் இல்லை. அதற்குமேல் ஏணியின் இரண்டு பக்கமும் சுவர் இல்லாமல் போனது. காற்று வந்து காதில் மோதியது. அடுத்த கம்பியைப் பிடிக்கக் கையைத் தூக்கினார், கை வரவில்லை. தூக்கு என்று மனசு சொல்லிற்று, கை பிடித்த கம்பியை இன்னும் இறுக்கிப் பிடித்துக்கொண்டது.

"தலைவரே?" கீழேயிருந்து ஹேரின்.

"ஒரு நிமிஷம்."

"கீழ பாக்காதீங்க. என் குரலை மட்டும் கேளுங்க. அடுத்த கம்பி உங்க நெத்திக்கு நேரா இருக்கு."

"தெரியுதும்மா. கண்ணுக்குத் தெரியுது."

கால்கள் நடுங்கி ஏணியே அதிர்ந்தது. அந்த அதிர்வு கீழே இருப்பவர்களுக்கெல்லாம் தெரியும் என்பது அவருக்குப் புரிந்தது. பயிற்சியாளர் பக்கத்துக் கயிற்றில் ஏறி வந்து, விரல்களை ஒவ்வொன்றாகப் பிரித்து, குழந்தையை இறக்குவதுபோல் இறக்கினார்.

ஹேரினுக்கு அடுத்து சங்மான் ஏறினார். கெட்ட வார்த்தை பேசிக்கொண்டே ஏறினார், உச்சியில் நின்று இன்னும் பெரிய கெட்ட வார்த்தை ஒன்றைக் கத்தினார். இறங்கி வந்தபோது கண்கள் கலங்கி, முகம் மலர்ந்திருந்தது. "டேய், கடலு வளைஞ்சு தெரியுதுடா" என்றார். பிறகு கியுஹோவின் முகத்தைப் பார்த்துவிட்டுப் பேச்சை நிறுத்திக்கொண்டார்.

சாயங்காலம் கியுஹோ தனியாக மறுபடி முயன்று பார்த்தார். அதே இடத்தில் அதே கை நின்றது. பயிற்சியாளர் தோளைத் தட்டி, "இது கோழைத்தனம் இல்ல. சில உடம்பு இப்படித்தான். மத்தவங்ககிட்ட ரத்த அழுத்தம்னு சொல்லிக்கலாம்" என்றார். கியுஹோ சரி என்றார். பஸ்ஸில் யாரோ கேட்டபோது அப்படியேதான் சொன்னார்.

பயிற்சிக்கு வந்தும் ஏறாமல் கீழேயே நின்றவர் ஓக் ஜின்பே. முழங்கால் வலி என்று சொல்லியிருந்தார். பேசாத மனிதர். பஸ்ஸில் கியுஹோவுக்குப் பக்கத்து இருக்கையில் இருந்தார். "தலைவரே, நான் அடுத்த தடவை வரல. முழங்கால் தாங்காது" என்றார். முழங்காலைப் பற்றிச் சொல்லும்போது அவர் கை தன் தொடையைத் தேய்த்துக்கொண்டிருந்தது. அதைப் பார்த்ததும் அதுவும் பொய்தான் என்று கியுஹோவுக்குப் புரிந்தது. தான் ஒரு பொய் சொன்னதுமே இங்கே பொய் சொல்வது எல்லாருக்கும் எளிதாகிவிட்டது என்று தோன்றியது.

திங்கட்கிழமை ஓய்வறையில் சொன்னார். "எனக்கு ரத்த அழுத்தம் ஒண்ணும் இல்ல. பயந்துட்டேன். ரெண்டு தடவை ஏறினேன், ரெண்டு தடவையும் கை நகரல. நான்தான் முதல்ல ஏறுவேன்னு உங்ககிட்ட சொன்னவன். ஏறல. இனிமேலும் ஏற முடியும்னு தோணல."

சங்மான் கிண்டல் பண்ணவில்லை. அதுவே கியுஹோவுக்கு என்னவோ போலிருந்தது.

"அப்போ எங்களை மேல ஏத்திட்டு நீங்க என்ன செய்யப் போறீங்க?" என்று கேட்டாள் ஹேரின். குரலில் குற்றச்சாட்டு இல்லை, உண்மையிலேயே தெரிந்துகொள்ள வேண்டியிருந்தது.

"ஏற முடியாதவங்களுக்கு அங்க என்ன வேலை இருக்குன்னு போய்க் கேக்கறேன். எனக்காக மட்டும் இல்ல."

ஜின்பே இருமினார். "எனக்கும் முழங்கால் வலி இல்ல" என்றார், தரையைப் பார்த்துக்கொண்டு. எல்லாரும் அவரையே பார்த்தார்கள். "வாயால சொல்லிட்டா கொஞ்சம் பரவால்ல போலிருக்கு. இன்னொரு தடவை வரேன்." விசித்திரம் என்னவென்றால், அடுத்த பயிற்சியில் ஜின்பே மெதுவாக, பாதியில் கண்ணை மூடிக்கொண்டு, உச்சிவரை ஏறிவிட்டார். கியுஹோவால் கடைசிவரை ஏற முடியவில்லை.

இலையுதிர்காலத்தில் காற்றாலைக் கம்பெனி மருத்துவப் பரிசோதனை வைத்தது. எல்லாரையும்விட வேகமாக ஏறுபவர் என்று பெயர் வாங்கியிருந்த சங்மானின் நுரையீரல் படத்தைப் பார்த்துவிட்டு மருத்துவர் இன்னொரு படம் எடுக்கச் சொன்னார். அதற்குப் பிறகு பெரிய ஆஸ்பத்திரிக்குப் போகச் சொன்னார். வருஷக்கணக்காக உள்ளே போன கரித்தூள் படிந்து இறுகியிருந்தது. ஏணி ஏறும் வேலை கிடையாது, இனித் தூசு இருக்கும் எந்த வேலையும் கிடையாது.

கியுஹோ அவரைத் தேடிக்கொண்டு போனபோது சங்மான் துறைமுகச் சுவரில் உட்கார்ந்திருந்தார். கியுஹோ பக்கத்தில் உட்கார்ந்தார்.

"நான்தான் வேணாம்னேனே," என்றார் சங்மான். "ஆசை காட்டாதன்னு சொன்னேனா இல்லையா?"

"சொன்னீங்கண்ணே."

"மேல ஏறின அன்னிக்கு எனக்கு என்ன தோணிச்சு தெரியுமா? இன்னும் பத்து வருஷம் இதைச் செய்யலாம்னு. இருபது வயசுல கல்யாணத்துக்குப் பொண்ணு பாத்துட்டு வந்தவன் மாதிரி வீட்டுல எல்லார்கிட்டயும் சொல்லிட்டேன். இப்போ போய் என்னன்னு சொல்றது?"

கியுஹோ மன்னிப்புக் கேட்கலாமா என்று நினைத்தார். கேட்டால் அதை ஏற்றுக்கொள்ளும் பாரமும் அண்ணன் தலையில் விழும் என்று விட்டுவிட்டார்.

"எழுந்து போ, எனக்கு உன் மூஞ்சியைப் பாக்கப் பிடிக்கல."

கியுஹோ எழுந்தார். கொஞ்ச தூரம் போனதும் பின்னாலிருந்து குரல் வந்தது. "அந்தப் படம் எடுக்கலன்னா எனக்குத் தெரிஞ்சிருக்காது. அதுவும் உண்மைதான். இருந்தாலும் போயிடு."

மறுநாளே கியுஹோ வந்து நின்றார். வேலையால் வந்த நோய் என்று நிரூபித்து நிவாரணம் கேட்க அலுவலகம் அலுவலகமாக அலைய வேண்டியிருந்தது. சங்மான் முதலில் கதவைத் திறக்கவில்லை. மூன்றாவது முறை திறந்தார். அதற்குப் பிறகு இரண்டு பேரும் சேர்ந்தே போனார்கள், பஸ்ஸில் ஆளுக்கொரு ஜன்னலைப் பார்த்துக்கொண்டு.

டிசம்பரில் கொதிகலனை அணைத்தார்கள். பெரிய மனிதர்கள் வந்து பேசினார்கள், மலர்க்கொத்து கொடுத்தார்கள். பெல்ட் கூடத்தில் விழா ஒன்றும் இல்லை. கடைசிக் கரி போய்ச் சேர்ந்ததும் ஹேரின் திரையில் பொத்தானை அழுத்தினாள். பெல்ட் கொஞ்ச தூரம் தானாகவே ஓடி நின்றது. ஓயாத அந்தச் சத்தத்தில் ஒருவருக்கொருவர் கத்தியே பேசிப் பழகியவர்கள். சத்தம் நின்ற பிறகும் கியுஹோ கத்தித்தான் சொன்னார், "எல்லாரும் சரியா இருக்கீங்களா?" என்று. அந்தக் குரல் கூடம் முழுக்க ஓடித் திரும்பி வந்தது. அன்று யாருக்கும் காயம் இல்லை. அந்த ஒரு வருஷம் முழுக்கவே யாருக்கும் கை தவறவில்லை. மேலாளர் வாசலில் நின்று ஒவ்வொருவரிடமும் கைகுலுக்கினார். கியுஹோவின் கையை மட்டும் இரண்டு கையாலும் பிடித்தார்.

எல்லாருக்கும் நல்லபடி முடிந்தது என்று சொல்வதற்கில்லை. பாதிப் பேர் காற்றாலைக்குப் போனார்கள். சிலர் தெற்கே கப்பல் கட்டும் தளத்துக்குப் போனார்கள். ஒருவர் எங்கே போனாரென்று யாருக்கும் தெரியவில்லை, தொலைபேசி எண்ணும் மாறிவிட்டது. கியுஹோ இன்றும் மாதத்துக்கு ஒரு முறை அந்தப் பழைய எண்ணைப் போட்டுப் பார்க்கிறார்.

ஏறுபவர்களுக்கு ஹேரின் தலைவியானாள். கியுஹோவுக்குப் படகுத் துறையில் வேலை. படகில் ஏறுபவர்களின் உயிர்காப்பு உடைகளைச் சரிபார்ப்பது, சாமான் ஏற்றுவது, கயிறு கட்டுவது. சம்பளத்திலும் பதவியிலும் அவளுக்குக் கீழே.

முதல் மாதத்திலேயே தகராறு வந்தது. ஒரு காலை ஹேரின் வானிலைத் தகவலுக்காகக் காத்திருந்தாள். ஆட்கள் குளிரில் நின்றார்கள். பழைய பழக்கத்தில் கியுஹோ கையைத் தட்டி, "ஏறுங்கப்பா, ஏறுங்க, நின்னா நேரம்தான் போகும்" என்றார். ஆட்களும் பழைய பழக்கத்தில் ஏறிவிட்டார்கள். ஹேரின் வந்து பார்த்தாள். எல்லாரையும் இறங்கச் சொன்னாள். அவரைக் கிடங்குக்குப் பின்னால் கூப்பிட்டாள்.

"இங்க நான் சொன்னாதான் படகு கிளம்பணும்."

"ஏறத்தானேம்மா சொன்னேன், கிளம்பவா சொன்னேன்?"

"உங்க குரலுக்கு அவங்க ஏறினா நாளைக்கு என் குரலுக்கு இறங்க மாட்டாங்க. கடல்ல அது ஆபத்து." யாரும் கேட்கவில்லையே என்று ஒரு தடவை திரும்பிப் பார்த்தாள். "உங்ககிட்ட இதைச் சொல்ல எனக்குக் கஷ்டமா இருக்கு. ஆனா இன்னொரு தடவை இப்படி நடந்தா உங்களைத் துறையிலேர்ந்து மாத்திடுவேன்."

அன்று சாயங்காலம் கியுஹோ வீட்டுக்குப் போய் யுன்சுக்கிடம் பொரிந்து தள்ளினார். யுன்சுக் கடையைத் துறைமுகத்துக்கு மாற்றியிருந்தாள். வியாபாரம் சுமார்தான், ஆனால் அடுப்பு எரிந்தது.

"அந்தப் பொண்ணு எல்லார் முன்னாடியுமா திட்டிச்சு?" என்று கேட்டாள்.

"இல்ல, தனியா கூப்பிட்டு."

"அப்புறம் என்ன?"

"நான் அவளுக்கு வேலை கத்துக் குடுத்தவன்."

"பெல்ட் வேலை. அந்த பெல்ட்டு இப்போ எங்கங்க இருக்கு?"

சாப்பிட்டு முடிக்கும்வரை அவருக்கு அது உறைத்துக்கொண்டே இருந்தது. மறுநாள் எல்லாருக்கும் முன்னால் துறைக்குப் போய்க் காத்திருந்தார். ஹேரின் வந்ததும் குனிந்து, "நேத்து தப்பு என்னோடது, தலைவி" என்றார். ஆட்கள் கேட்கும்படியாகவே சொன்னார். அவள் முகம் சிவந்துபோயிற்று. அவளும் குனிந்தாள். பிறகு, "ஏறலாம்" என்றாள். அதற்குப் பிறகுதான் அவர் கயிற்றை அவிழ்த்தார்.

வசந்தத்தில் சங்மானுக்கு நிவாரணம் கிடைத்தது. பகலெல்லாம் யுன்சுக் கடையில் உட்கார்ந்து பூண்டு உரித்துக்கொண்டு, வருகிறவர்களை வம்புக்கு இழுத்துக்கொண்டிருந்தார். மூச்சு வாங்கும்போது மட்டும் நிறுத்துவார். ஒரு நாள் கியுஹோவிடம், "அந்தக் காத்தாலையை ஒரு தடவை கிட்டப் போய்ப் பாக்கணும்டா" என்றார்.

கியுஹோ ஹேரினிடம் கேட்டார். விதிப்படி முடியாது என்றாள். ஒரு வாரம் கழித்து அவளாகவே வந்து, குடும்பத்தாரை அழைத்துப் போகும் நாள் ஒன்று இருக்கிறது என்றும், அதில் பெயர் சேர்த்திருப்பதாகவும் சொன்னாள். "என்ன உறவுன்னு கேட்டாங்க. மாமான்னு சொல்லிட்டேன்."

அன்று கடல் அமைதியாக இருந்தது. கியுஹோ சங்மானுக்கு உயிர்காப்பு உடை போட்டு, பட்டையை இழுத்துக் கட்டினார். மார்பு இறுகாமல் ஒரு விரல் இடம் விட்டார். படகு நெருங்க நெருங்கக் கோபுரம் வளர்ந்துகொண்டே போனது. கியுஹோ நிமிர்ந்து பார்க்கவில்லை. பார்த்தால் அவருக்கு இன்றும் தலை சுற்றும். சங்மான் பின்னால் சாய்ந்து, தொப்பி விழாமல் பிடித்துக்கொண்டு, வாயைப் பிளந்து பார்த்தார்.

மேலே, விசிறிக்குப் பின்னால் இருந்த அறையின் கூரையில், ஒரு சின்ன உருவம் கையை ஆட்டியது.

"அது யாருடா?"

"ஜின்பேண்ணே."

"முழங்கால்காரனா!" சங்மான் எழுந்து நின்றார். இரண்டு கையையும் வாயருகே குவித்து ஒரு கெட்ட வார்த்தையைக் கத்தினார். காற்று அதைப் பாதியிலேயே பிடுங்கிக்கொண்டது. இருமல் வந்துவிட்டது, குனிந்து நெடுநேரம் இருமினார். கியுஹோ முதுகைத் தாங்கிப் பிடித்துக்கொண்டார்.

மூச்சு திரும்பியதும் சங்மான் உதட்டைத் துடைத்துக்கொண்டு மறுபடி மேலே பார்த்தார். ஜின்பே இன்னும் கையை ஆட்டிக்கொண்டிருந்தார்.

"கேட்டிருக்கும்கறியா?"

"கேட்டிருக்காதுண்ணே."

"சரி. வீட்டுக்குப் போலாம்" என்றார் சங்மான், ஆனால் உட்காரவில்லை.